தீர்த்தம் கலந்த பிரேக்

எங்கள் ஊர் ஆண்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி வைத்த நாலு சக்கரக் காட்டு வண்டி ஒன்று வாங்கினால், முதல் மாதமே அதன் மூக்கில் ஒரு விஞ்ச் மாட்டுவோம். இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுத்து வேரோடு மரத்தைப் பிடுங்கும் விஞ்ச். அடுத்த மாதம் தலைக்கு மேலே விளக்கு வரிசை. அதைப் போட்டால், எல்லை ஆற்றுக்கு அக்கரையில் கனடாக்காரன் சட்டியில் என்ன வேகிறது என்று இங்கிருந்தே பார்க்கலாம். அதற்கடுத்து பாட்டுப் பெட்டி. ஆனால் பிரேக் ஆயில்? வண்டி செய்தவன் எதை ஊற்றினானோ அதுதான் கடைசிவரை. ஓடாத வண்டிதான் எங்களுக்கு அவமானம், நிற்காத வண்டி இல்லை. எங்களில் இரண்டு பேருக்கு முன்பல் கிடையாது. அவர்களும் இதே கட்சிதான்.

நான் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் ஃபெர்னோ. சேன் ரோக் காட்டு வண்டிச் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். பொதுக்கூட்டம் நடக்கும்போது கழிவறைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அந்த வருடம் ஜூன் மாதம் என் மனைவி லொரெட்டுக்கு மூஸ் குலுக்கலில் பெயர் விழுந்தது. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். அதைச் சுட அரசாங்கம் குலுக்கல் போட்டு அனுமதி கொடுக்கும். மாநிலமே மனுப் போடும். பெயர் விழுவது சிலருக்குத்தான். நான் எத்தனை வருடமாக மனுப் போடுகிறேன் என்று சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். லொரெட் அதிகம் அலட்டிக்கொள்ளாமல் போட்டாள், விழுந்தது. அனுமதி கிடைத்தவரோடு துப்பாக்கி தூக்கிப் போக இன்னும் ஒரே ஒருவருக்கு இடம் உண்டு.

அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர். நான் ஒருவன். இன்னொருவர் அவளுடைய அண்ணன் ஒடிலோன், என் மச்சான். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் வீட்டு அடுப்பில் கோதுமை ரொட்டி வேகும் வாசனை அவருக்கு மூன்று மைல் தள்ளியே தெரிந்துவிடும். குலுக்கல் முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது ரொட்டிக்குப் பன்றி இறைச்சி விழுதைத் தடவிக்கொண்டிருந்தார்.

லொரெட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாலே பின்சீட்டுத் தடியன்கள் தாங்களாகவே பெல்ட் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பார்வையை எங்கள் இருவர் மேலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சொன்னாள்:

“என் வண்டி முன் பிரேக்கு கொழகொழன்னு இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல வண்டி மந்திரிப்பு முடிஞ்சு ஊர்வலம் இருக்கு, ஆத்துச் சரிவுல எறங்கணும். அதுக்குள்ள யாரு அதைச் சரி பண்றாங்களோ அவங்கதான் எங்கூட மூஸுக்கு.”

“நான் பண்றேன்” என்றேன்.

“நான் பண்றேன்” என்றார் மச்சான், வாயில் ரொட்டியோடு.

“பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். சிரித்தாளா என்று முதுகை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இங்கே பிரேக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கைப்பிடியில் இருக்கும் லிவரை அமுக்கினால் குழாயில் உள்ள எண்ணெய் தள்ளப்பட்டு சக்கரத்தைப் பிடிக்கிறது. எண்ணெயை நசுக்க முடியாது, அதனால் பிடிக்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் காற்று நசுங்கும், லிவர் பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போகும், சக்கரம் பாட்டுக்கு ஓடும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் லிவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவன் சக்கரத்தருகே உட்கார்ந்து, குழாய் முனையில் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகை ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். எண்ணெயும் குமிழும் ஓஸ் வழியாக ஜாடியில் வந்து விழும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முன்னாலேயே விட்டால், வெளியே போன காற்று கோபித்துக்கொண்டு போன உறவுக்காரன் மாதிரி அதே வாசலில் திரும்பி வந்துவிடும்.

கஷ்டமே இல்லாத வேலை. பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எங்களால் முடியாதது அது ஒன்றுதான்.

திங்கள்கிழமை நான் தனியாக முயன்றேன். ஒரு கை லிவரில், ஒரு கை நிப்பிளில். கை எட்டவில்லை. லிவரைக் கயிறு போட்டுக் கட்டினேன், கயிறு நழுவியது. முழங்காலால் அமுக்கிப் பார்த்தேன். அதை விவரிக்க மாட்டேன், சங்கத்துக்கு மரியாதைக் குறைவு. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து மச்சான் வந்து, நான் மிச்சம் வைத்திருந்த எண்ணெயையும் வெளியேற்றி, சுத்தமான காற்றாக நிரப்பிவிட்டுப் போனார். புதன்கிழமை மறுபடி நான். வியாழன் அவர். ஞாயிறு காலையில் லிவரைத் தொட்டாலே கைப்பிடியில் போய் ஒட்டிக்கொண்டது. பின் பிரேக்கை நம்பி, பொடிநடை வேகத்தில் லொரெட் அதைக் கோயிலுக்கு ஓட்டி வந்தாள்.

பூசை முடிந்தது. கோயில் வெளியில் அறுபது வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பாதர் உவெல்லெட் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். பிறகு எல்லோரும் சரிவில் இறங்கி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அங்கே குழியில் புதைத்து வைத்த அவரைப் பானை முந்தின நாளிலிருந்தே வெந்துகொண்டிருந்தது. லொரெட் சங்கத்துப் பெண்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜாடியும் ஸ்பேனருமாக அவள் வண்டிப் பக்கம் நழுவினேன். அந்தப் பக்கமிருந்து மச்சானும் ஜாடியும் ஸ்பேனருமாக வந்தார்.

“மாப்ளே, லிவரைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்ல?”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

“எனக்கு வேணாம். உங்களுக்கு வேணும்னா கேளுங்க.”

“நான் ஏன் கேக்கணும்? பல்லு முளைச்சதுலேர்ந்து நான் பிரேக்கு பாக்கிறேன்.”

“வியாழக்கிழமை பாத்தீங்களே, அந்த மாதிரியா?”

பாதர் முதல் வரிசையை ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லை. இடது சக்கரத்துக்கு நான் ஸ்பேனர், அவர் லிவர். வலது சக்கரத்துக்கு மாறிக்கொள்வது என்று உடன்பாடு ஆயிற்று. கைப்பிடிமேல் இருந்த ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, என்னிடம் மிச்சமிருந்த பழைய அரை பாட்டில் ஆயிலை ஊற்றினேன்.

“அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன்.”

“பிடிங்க. விட்றாதீங்க. தளத்துறேன்.”

குமிழ்கள் அழகாக வந்தன. “மூடிட்டேன், விடுங்க” என்று சொல்வதற்குள் ஒரு கருப்பு ஈ மச்சானின் இமையில் கடித்தது. லிவரை விட்டுவிட்டு இமையைத் தட்டினார். வந்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போனது.

“என்ன மச்சான்!”

“கண்ணுய்யா அது! உனக்குப் பிரேக்கு பெரிசா, என் கண்ணு பெரிசா?”

“உங்க கண்ணு மூஸைப் பாக்கப் போறதில்ல. போனாப் போகுது.”

மறுபடி. அமுக்கு, பிடி, தளர்த்து, மூடு, விடு. நாலைந்து முறை சரியாக நடந்தது. லிவரில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போதுதான் எங்கள் வரிசைக்குப் பாதர் வந்தார்.

பாதர் உவெல்லெட்டைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். குருமடம் போவதற்கு முன் அவர் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசியவர். மற்ற ஊர்ச் சாமியார்கள் தீர்த்தம் தெளிப்பார்கள், எங்கள் பாதர் வீசுவார். ஒரு வாளித் தண்ணீரும், அதில் நனைத்த ஒரு தேவதாருக் கிளையும். அவர் தோளைப் பின்னால் இழுத்ததைப் பார்த்தேன். பார்த்ததும், ஞானஸ்நானம் வாங்கிய எவனும் செய்வதைச் செய்தேன். தொப்பியைக் கழற்றினேன், தலையைக் குனிந்தேன், சிலுவை போட்டேன். மச்சானும் தொப்பியைக் கழற்றினார், சிலுவை போட்டார். சிலுவை போட வலது கை வேண்டும். அந்த வலது கை அப்போது லிவரில் இருந்தது. நிப்பிள் திறந்திருந்தது. ஆயில் டப்பாவும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்திருந்தது.

சளார்.

தலை நிமிர்ந்தபோது என் புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தேவதாரு ஊசி மிதந்துகொண்டிருந்தது. தண்ணீரைக் காணவில்லை. பிரேக் ஆயிலின் குணம் அது. மற்ற எண்ணெயில் தண்ணீர் தனியாக நிற்கும், எடுத்துக் கொட்டிவிடலாம். இது தண்ணீரைக் கட்டி அணைத்து உள்ளே வாங்கிக்கொள்ளும்.

“பாத்தீங்களா?” என்றேன்.

மச்சான் ஊசியை இரண்டு விரலால் எடுத்து எறிந்தார். “எதை?”

“தண்ணி போச்சு உள்ள.”

“நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல. சீக்கிரம் நிப்பிளைப் பிடி, காத்து உள்ள போயிருக்கு.”

இந்த இடத்தில் பாதுகாப்புச் செயலாளர் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அக்டோபர் மாதக் காடு கண்முன் வந்தது; அதில் மூஸ் ஒன்று எனக்கு நேராகப் பக்கவாட்டில் நின்று காட்டியது. நிப்பிளைப் பிடித்தேன். அமுக்கு, பிடி, தளர்த்து, மூடு, விடு. அமுக்க அமுக்க, டப்பாவில் இருந்தது குழாய் வழியாகச் சக்கரம் வரை இறங்கியது, தீர்த்தமும் சேர்ந்து. இடது முடிந்தது, வலது முடிந்தது. மூடியைப் போட்டோம்.

லொரெட் காபிக் கோப்பையோடு வந்தாள். லிவரை அமுக்கினாள். கல் மாதிரி நின்றது.

“அட! சூப்பரா இருக்கே. யாரு பண்ணது?”

“நான்” என்றோம்.

“மாப்ளையும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணாரு” என்றார் மச்சான், பெருந்தன்மையாக.

அவள் தலைக்கவசம் எடுக்கப் போனதும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மச்சான், சரிவு முழுக்க பிரேக்கு பிடிச்சுக்கிட்டே எறங்கணும். சூடாகும்.”

“ஆகும்.”

“தண்ணி கொதிச்சா ஆவியாகும். ஆவியானா லிவரு சொத்துன்னு உள்ள போயிடும். பின் பிரேக்கு மட்டும் அந்தச் சரிவுக்குப் பத்தாது.”

“தீர்த்தம்யா. ஆவியானா பரிசுத்த ஆவியாத்தான் ஆகும்.”

“வெளையாடாதீங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “இந்தா பாரு. ஒரு ஸ்பூன் தண்ணி. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இப்ப சொன்னா உனக்கும் மூஸு இல்ல, எனக்கும் இல்ல. கீழ போனதும் நைசா மாத்திடுவோம். நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா, வாயை மட்டும் மூடிக்க.”

சொல்லிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்பி, லொரெட்டின் வண்டிக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். படம் எடுப்பவர்கள் நிற்கும் பக்கம் அது. செத்தாலும் படத்தில் விழ வேண்டும் இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபது வண்டிகளும் உறுமின. முதல் வரிசை நகர்ந்தது. ஒன்றும் ஆகாமலும் போகலாம்தான். அதே சமயம், சரிவின் அடியில் சாலை வலப்பக்கம் திரும்பும், ஆறு திரும்பாது. லொரெட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினாள். நல்லாச் செய்திருக்கிறாய் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தலையாட்டல் எனக்கு எத்தனை முறை கிடைத்திருக்கிறது என்பதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம், விரல் மீதமிருக்கும்.

ஓடிப்போய் அவள் வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

“நகருய்யா!”

“உன் பிரேக்குல தீர்த்தம் இருக்கு!”

“ஆமா. இப்பத்தான் பாதர் தெளிச்சாரு.”

“வெளிய இல்ல! உள்ள!”

அவள் எஞ்சினை நிறுத்தினாள். பின்னால் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். திறந்திருந்த டப்பா, சிலுவை, ஊசி, திங்கள்கிழமை முழங்கால் உட்பட. கேட்காததையும் சொன்னேன். மச்சான் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே திரும்பி, ஒரு மனிதன் தன் உடன்பிறந்தவளைக் கட்டியவனை எப்படிப் பார்க்கக் கூடாதோ அப்படிப் பார்த்தார்.

லொரெட் மற்றவர்களைக் கையசைத்துப் போகச் சொன்னாள். ஊர்வலம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. பல் இல்லாதவர்களில் ஒருவன் போகிற போக்கில், “பாதுகாப்பு, எல்லாம் பத்திரமா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

“வேலையில எறங்குங்க ரெண்டு பேரும்” என்றாள். “அவ்வளவு ஆயிலையும் வெளியே எடுங்க. புதுசு வேணும். மூடி திறக்காத பாட்டில்.”

“எங்கிட்ட இல்ல” என்றேன்.

மச்சான் தொண்டையைச் செருமினார். தன் வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணிக்கு அடியிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை எடுத்தார்.

“இதை வச்சுக்கிட்டா என் பழைய அரை பாட்டிலை ஊத்தவிட்டீங்க?”

“நீ கேக்கலையே.”

லொரெட் தானே லிவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடது சக்கரத்தில் நான், வலது சக்கரத்தில் அவர். “அமுக்கிட்டேன். அண்ணே, திற. மூடு. விடுறேன். அமுக்கிட்டேன். இந்தப் பக்கம், திற. தூங்காதே. மூடு. விடுறேன்.” பேருந்தில் பையன்களை வரிசையாக இறக்கிவிடும் குரல். ஒரு வாரம் நாங்கள் மாற்றி மாற்றிச் செய்த வேலை, அவள் ஆறிய காபியைக் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் ஓஸில் வந்த ஆயில் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு குமிழ் இல்லை.

மிச்சமிருந்தது ஜாடி. பழைய ஆயிலும் தீர்த்தமும் கலந்த ஜாடியைப் பாதரிடம் நீட்டினேன்.

“தீர்த்தத்தைச் சாக்கடையில ஊத்தக் கூடாது. மண்ணுலதான் ஊத்தணும்” என்றார்.

“பிரேக் ஆயிலை மண்ணுல ஊத்தக் கூடாது பாதர். கிணத்துல எறங்கிடும். சங்கத்து விதி.”

“யாரு போட்ட விதி?”

“நான்தான்.”

பாதர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டாயிரம் வருடத் திருச்சபை இதற்கு வழி சொல்லாமலா இருக்கும் என்ற நம்பிக்கையோடு பார்த்தார். பிறகு, “ஆயர் கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்று அதை உள்ளே எடுத்துப் போனார். ஆயர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

சரிவில் லொரெட் மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். மூன்று இடத்திலும் வண்டி நின்றது. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைப் பானையில் அடி தட்டிவிட்டது. சுரண்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மூவரும் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். நான் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். உண்மை பேசியவனுக்கு முதுகு நேராகத்தான் இருக்கும்.

“முடிவு பண்ணிட்டேன்” என்றாள். “மூஸுக்கு அண்ணனைக் கூட்டிட்டுப் போறேன்.”

கரண்டி என் வாயிலேயே நின்றது. “உண்மையைச் சொன்னது நான்!”

“ஆமா. அதான் பிரச்சினை. மூஸு காட்டுல விடியறதுக்கு முன்னாடி போய் உக்காந்தா, மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. உன்னால முடியுமா?”

“நான் உன் உயிரைக் காப்பாத்தினேன்டீ!”

“காப்பாத்தினே. நல்ல மனுஷன் நீ. அதை யாரு இல்லேன்னா?” தன் தட்டிலிருந்த பன்றிக்கொழுப்புத் துண்டை, பானைக்கு ஒன்றுதான் கிடைக்கும், என் தட்டில் வைத்தாள். “ஆனா அண்ணன் எங்க போய் நின்னாரு, பாத்தியா?”

“பாத்தேன். போட்டோவுக்கு.”

“போட்டோவுக்கா? என் வண்டி நிக்கலேன்னா அவரு வண்டி பின்னால முட்டி நிக்கட்டும்னு முன்னாடி போய் நின்னாருய்யா. எனக்கு அப்பத் தெரியல. நீ கத்தினப்பதான் புரிஞ்சுது.”

மச்சானைப் பார்த்தேன். காதெல்லாம் சிவந்து, அவரையை ஒவ்வொன்றாக எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “போட்டோவுக்குத்தான்” என்று முனகினார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. கொஞ்சம் முன்னால் அடைத்திருந்தால் மூஸாவது கிடைத்திருக்கும். தட்டை வைத்துவிட்டு எழுந்து, சும்மா ஆற்றைப் பார்க்கிற மாதிரி, அவர் வண்டி நின்ற பக்கம் போனேன். பாதுகாப்புச் செயலாளரின் புத்தி, கை தானாக அதன் முன் பிரேக் லிவருக்குப் போனது. எந்தத் தடையும் இல்லாமல் கைப்பிடி வரை வந்து ஒட்டியது. இன்னொரு முறை அமுக்கினேன். காற்று. முழுக்கக் காற்று.

மச்சான் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“இதுல முன் பிரேக்கே இல்லையே மச்சான். இதை வச்சுக்கிட்டா அவளை நிறுத்தப் போனீங்க?”

“சத்தம் போடாதே.” அவர் பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? அவ வந்து முட்டினா ரெண்டு பேரும் சேந்து ஆத்துக்குள்ள போயிருப்போம். நீச்சல் அவளுக்குத் தெரியாதுல்ல, மாப்ளே. எனக்குத் தெரியும்.”